தொள்ளாயிரம் வெள்ளித் திரையரங்கு

சிக்கனம் என்பது மலிவான பொருளைத் தேடி அலைவதன்று; தேவை எது என்பதை முதலில் அளந்தறிவதே சிக்கனம். வகுப்பறையில் இதனைக் கரும்பலகையில் எழுதிவிடுவது எளிது. கண்ணைப் பறிக்கும் பொருள்களின் நடுவே, கையில் பணத்துடன் நிற்கும்பொழுது கடைப்பிடிப்பதுதான் அரிது. கிள்ளானில் வாழும் ஓர் எளிய குடும்பம் 2025ஆம் ஆண்டின் இறுதியில் தன் வீட்டுக் கூடத்தில் கணினியின் துணைகொண்டு ஒரு சிறு திரையரங்கை அமைத்த வரலாறு இதற்குச் சான்றாகும்.

அக்குடும்பத்தின் தலைவர் ஒரு தொழிற்சாலையில் பண்டகசாலை எழுத்தர். அவருடைய தந்தையார் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து 1994ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றவர். இன்று உயிருடன் இல்லை. அவர் பணியாற்றிய தோட்டமும் வீடமைப்புப் பகுதியாக மாறிவிட்டது. எஞ்சியவை, பள்ளி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்த பதினொரு வீடியோ நாடாக்கள் மட்டுமே. எழுத்தரின் தாயார் அவற்றை ஒரு பிஸ்கட் தகரத்துள் வைத்துக் காத்து வந்தார்.

“வீட்டுத் திரையரங்கு ஒன்று அமைப்போம், அப்பா!” என்று நான்காம் படிவத்தில் பயிலும் மகள் கேட்டாள். அவள் எண்ணியது, அறையைச் சுற்றி ஐந்து ஒலிபெருக்கிகளும் ஓர் அடியொலிப் பெட்டியும் கொண்ட அமைப்பு. தந்தையின் கையில் இருந்ததோ 900 வெள்ளி.

“முதலில் எதைப் பார்க்கப் போகிறோம் என்று எழுது, அம்மா. பிறகு எதை வாங்குவது என்று எழுதலாம்,” என்றார் தந்தை.

மகள் எழுதினாள். எழுதியபின் அவள் கணக்கே மாறிற்று. வீட்டுத் தொலைக்காட்சித் திரையில் 1080 கிடைவரிகள். நாடாவின் படத்திலோ 576 வரிகள்தாம். ஆகவே விலையுயர்ந்த வரைகலை அட்டை வேண்டியதில்லை. தாத்தாவின் நாடாக்களில் ஒலி ஒற்றைத் தடத்தில் பதிவானது. அதற்கு ஐந்து ஒலிபெருக்கிகள் எதற்கு? அலமாரியில் கிடந்த பழைய ஒலிபெருக்கப் பெட்டியும் இரண்டு ஒலிபெருக்கிகளுமே போதும். நாடா ஒன்றுக்கு மூன்று மணி நேரமாகப் பதினொன்றுக்கு 33 மணி நேரம். மணிக்கு 2 கிகாபைட் எனக் கொண்டால் 66 கிகாபைட். பெரிய வன்தட்டு ஒன்றைக் காட்டிலும் சிறிய வன்தட்டுகள் இரண்டே மேல். ஒன்று பழுதானால் மற்றொன்று காக்கும்.

தந்தையும் மகளும் கொம்யூட்டர் இரயிலேறிக் கோலாலம்பூருக்குச் சென்று லோ யாட் பிளாசாவில் விலை விசாரித்தனர். காலமும் அவர்களுக்குத் துணை நின்றது. விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாள் முடிவுற்றது. இன்டெல்லின் ஏழாம் தலைமுறைச் செயலிகளுள் பெரும்பாலானவை விண்டோஸ் 11இன் பட்டியலில் இடம்பெறவில்லை. அவற்றைக் கொண்ட அலுவலகக் கணினிகள் குறைந்த விலைக்குக் கிடைத்தன. ஆயினும் படம் காட்டும் வேலைக்கு அச்செயலிகள் மிகப் பொருத்தமானவை. படக்கோப்பு வகைகள் பலவற்றை அவற்றின் வன்பொருளே பிரித்துக் காட்டும்.

500 கிகாபைட் வன்தட்டுடன் கூடிய பழைய கணினி 380 வெள்ளி, எஸ்.எஸ்.டி. 95, வெளியே இணைக்கும் வன்தட்டு 220, நாடாவின் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கருவி 70, கம்பியில்லா விசைப்பலகை 50, திரைக்கு ஒரு வடம் 25, ஒலிக்கு ஒரு வடம் 15. ஆகமொத்தம் 855 வெள்ளி. லினக்ஸ் இயங்குதளத்திற்கும் கோடி என்னும் படம் காட்டும் மென்பொருளுக்கும் விலை ஏதுமில்லை.

வீடு திரும்பியதும் மகள் கணினியைத் திறந்து, மென்தூரிகையால் தூசி அகற்றினாள். செயலியின் மேல் உலர்ந்திருந்த பசையைத் துடைத்துப் புதிது பூசினாள். விசிறியின் இரைச்சல் அடங்கிற்று. ஆனால் ஒலிபெருக்கிகளில் வண்டு ரீங்கரிப்பதுபோல் ஓர் ஓசை. இரண்டு நாள் தேடியபின் காரணம் புலப்பட்டது. கணினியும் ஒலிபெருக்கப் பெட்டியும் வெவ்வேறு மின்செருகிகளில் இணைக்கப்பட்டிருந்தன. இரண்டையும் ஒரே செருகியில் சேர்த்ததும் ரீங்காரம் மறைந்தது.

நாடாக்களை ஓட்டும் பழைய கருவிதான் பெருந்தடையாக இருந்தது. உலகில் இறுதிவரை அதனைத் தயாரித்து வந்த ஜப்பானின் புனாய் நிறுவனமே 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்திவிட்டது. மிஞ்சிய 45 வெள்ளியைப் பெற்றுக்கொண்டு, பழுதுபார்க்கும் முதியவர் ஒருவர் அதன் இரப்பர் வாரை மாற்றிக் கொடுத்தார். “வெள்ளை பூத்த நாடாவை இதில் போடாதீர்கள், ஐயா. பூஞ்சைக் காளான் மற்ற நாடாக்களுக்கும் தொற்றிவிடும்,” என்று எச்சரித்தும் அனுப்பினார்.

அவ்வாறு வெள்ளை பூத்தவை இரண்டு. ஒன்று, தாத்தாவின் பிரியாவிடை விழா. அதனைக் கடைசியாக, துடைத்துத் துடைத்து ஓட்டினர், பாதியில் அறுந்தது. மற்றொன்றோ அசையவே இல்லை. இன்னும் ஐந்தாண்டுகளுக்கு முன் இம்முயற்சியைத் தொடங்கியிருக்கலாமே என்ற எண்ணம் எழுத்தரை வாட்டிற்று. அவர் அதனை வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒன்பது நாடாக்கள் முழுமையாகத் தேறின. அன்றிரவு மூவரும் திரையின் முன் அமர்ந்தனர். கண்புரையால் பாட்டிக்குப் படம் மங்கலாகத்தான் தெரிந்தது. திரையில் தோட்டப் பள்ளியின் பலகைச் சுவர். இடைவருகைப் பதிவேட்டைக் கையில் ஏந்தி நின்ற ஆசிரியர், மாணவர் பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்துக்கொண்டிருந்தார். பாட்டிக்குக் கேட்கவில்லையோ என ஐயுற்ற பேத்தி, ஒலியைக் கூட்டக் கை நீட்டினாள்.

“வேண்டாம், அம்மா. உன் தாத்தா வகுப்பில் இதற்குமேல் குரலை உயர்த்தியதே இல்லை,” என்றார் பாட்டி.

பேத்தி கையை மடக்கிக்கொண்டாள். திரையில் அடுத்த பெயர் அழைக்கப்பட்டது. எங்கிருந்தோ ஒரு சிறுவன் “உள்ளேன், ஐயா” என்றான்.