அடிப்பூச்சு

நாட்டின் பெருவிழாக் காலங்களில் தொடர்வண்டி எஞ்சின்களும் விழாக்கோலம் பூணுவதுண்டு. அத்தகைய எஞ்சின் ஒன்றுக்கு வண்ணம் பூசிய தொழிலாளரைப் பற்றி அவருடைய மகள் எழுதிய கட்டுரை இது.

என் தந்தையார் இரயில்வேயில் வண்ணம் பூசும் தொழிலாளராக இருந்தவர். இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. பள்ளியில் எவரேனும், "உன் அப்பா என்ன வேலை பார்க்கிறார்?" என்று கேட்டால், "இரயில்வேயில்" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். என்னோடு பயின்றோரின் தந்தையருள் எஞ்சின் ஓட்டுநர்கள் இருந்தார்கள், நிலைய அதிகாரிகள் இருந்தார்கள், பொறியாளர்கள் இருந்தார்கள். தூரிகை பிடிப்பவர் என் தந்தை ஒருவரே. அவருடைய நகங்களின் ஓரத்தில் எப்போதும் ஏதேனும் ஒரு நிறம் ஒட்டிக்கொண்டிருக்கும். மண்ணெண்ணெய் இட்டுத் தேய்த்தாலும் போகாது. பெற்றோர் கூட்டத்திற்கு அவர் வரும் நாளில், அந்தக் கைகளை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று நான் அஞ்சியதுண்டு.

எங்கள் குடும்பம் சோலார்பேட்டையைச் சேர்ந்தது. நீராவி எஞ்சினில் நிலக்கரி அள்ளிப் போடும் பணியில் இருந்த என் தாத்தா, மாற்றலாகி மத்தியப் பிரதேசத்தின் சந்திப்பு நகரம் ஒன்றுக்கு வந்தார். அங்கேயே என் தந்தை வளர்ந்தார். அங்குள்ள எஞ்சின் பணிமனையிலேயே வேலைக்குச் சேர்ந்தார். வெளியில் இந்தியும் வீட்டில் தமிழுமாக நான் வளர்ந்தேன்.

நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு 2022. நாடு விடுதலை பெற்று 75 ஆண்டுகள் நிறைவுறும் ஆண்டு. விடுதலையின் அமுதப் பெருவிழா அதற்கு 75 வாரங்களுக்கு முன்பே, 2021 மார்ச் 12 அன்று, சபர்மதி ஆசிரமத்தில் தொடங்கப்பட்டிருந்தது. 1930-இல் காந்தியடிகள் உப்பு எடுக்கத் தண்டி நோக்கிப் புறப்பட்டதும் அதே மார்ச் 12 அன்றுதான். இரயில்வே துறையும் இவ்விழாவில் தன் பங்கை ஆற்றியது. 2022 சூலையில் விடுதலைப் போராட்டத்தோடு தொடர்புடைய 75 நிலையங்களும் 27 தொடர்வண்டிகளும் தேர்ந்தெடுக்கப்பட்டுச் சிறப்பிக்கப்பட்டன. பல பணிமனைகளில் எஞ்சின்களின் மீது மூவண்ணப் பட்டைகளும், 75 என்னும் எண்ணும், விடுதலை வீரர்களின் உருவங்களும் இடம்பெற்றன. எங்கள் ஊர்ப் பணிமனையிலும் ஒரு மின்சார எஞ்சின் அதற்கெனத் தெரிவு செய்யப்பட்டது. அதை அணிசெய்யும் பொறுப்பு என் தந்தையிடமும் அவருடைய உதவியாளர் இருவரிடமும் ஒப்படைக்கப்பட்டது. அவர் ஓய்வுபெற அப்போது மூன்று மாதங்களே இருந்தன.

எஞ்சினுக்கு வண்ணம் பூசுவது சுவருக்கு வெள்ளையடிப்பது போன்றதன்று. முதலில் பழைய பூச்சைச் சுரண்ட வேண்டும். துருப்பிடித்த இடங்களை உப்புத்தாளால் இரும்பு மின்னும்வரை தேய்க்க வேண்டும். பள்ளங்களில் பட்டி வைத்து நிரப்பி, உலர்ந்ததும் மீண்டும் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் துடைத்த பின்னர், துருவைத் தடுக்கும் பிரைமரைப் பூச வேண்டும். என் தந்தை அதை 'அடிப்பூச்சு' என்பார். அது முற்றிலும் உலர்ந்த பிறகே மேல்வண்ணம். ஒரு நிறம் காயாமல் அடுத்த நிறத்தைத் தொடலாகாது. இத்தனைக்கும் நடுவில் எஞ்சினின் எண்ணும், விளக்குகளும், 25,000 வோல்ட் மின்சாரத்தைப் பற்றி எச்சரிக்கும் குறிகளும் மறையாமல் காக்க வேண்டும்.

நாள்தோறும் மாலையில் நான் ஆவலோடு கேட்பேன்: "அப்பா, இன்று என்ன நிறம் பூசினீர்கள்?"

ஏழு நாள்கள் கழிந்தும் அவர் விடை ஒன்றாகவே இருந்தது: "அடிப்பூச்சுதான் கண்ணு."

"இன்னுமா? விழாவுக்கு நாள் நெருங்குகிறதே!"

"மேலே பூசும் நிறம் பார்ப்பவர்களுக்கு. அடிப்பூச்சு இரும்புக்கு. இரும்பை ஏமாற்ற முடியாது" என்றார்.

எட்டாம் நாள் வீட்டுக்கு வந்தவர் வழக்கத்திற்கு மாறாக அமைதியாக இருந்தார். அம்மா வற்புறுத்திக் கேட்ட பிறகே காரணம் சொன்னார். எஞ்சினின் முகப்பில் எதைத் தீட்டுவது என்பதற்கான வரைபடம் அன்று வந்திருந்தது. அசோகச் சக்கரத்தோடு கூடிய தேசியக் கொடி, கூரையிலிருந்து கீழே பஃபர்வரை போர்த்தியது போல அதில் வரையப்பட்டிருந்தது. பார்வைக்கு அழகாகத்தான் இருந்ததாம். ஆனால் என் தந்தைக்கு அதில் உடன்பாடில்லை.

கொடியைத் தொடர்வண்டியின் முகப்பிலோ மேலோ பக்கங்களிலோ போர்த்தலாகாது என்றும், சேதமடைந்த அல்லது அலங்கோலமான கொடியைக் காட்சிக்கு வைக்கலாகாது என்றும் 2002-ஆம் ஆண்டின் இந்தியக் கொடி விதித்தொகுப்பு கூறுகிறது. இதை அவர் மேற்பார்வையாளரிடம் எடுத்துச் சொன்னார். அவரோ, "அது துணிக்கொடிக்கான விதி. இது வெறும் ஓவியம்தானே? நாள் குறைவாக இருக்கிறது. கொடுத்தபடி பூசுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று அம்மா கேட்டார்.

"'ஓவியமாகவே இருக்கட்டும், சார். ஆனால், இந்த வண்டி ஒருமுறை தில்லி போய்த் திரும்பினால் முகப்பெல்லாம் பூச்சியும் புழுதியுமாக வரும். பஃபர் ஓரத்தில் கிரீஸ் வழியும். ஒவ்வொரு நாளும் துடைக்க ஆள் இருக்காது. நம் கொடியை அந்தக் கோலத்தில் பார்க்க என் மனம் ஒப்பவில்லை' என்றேன்."

"ஓய்வுபெறும் நேரத்தில் மேலதிகாரியிடம் எதிர்வாதம் செய்யலாமா? ஓய்வூதியத் தாள்கள் எல்லாம் அவர் கையெழுத்துக்காகத்தானே காத்திருக்கின்றன?" என்று அம்மா கலங்கினார். என் தந்தை மறுமொழி சொல்லவில்லை. அன்றிரவு என் பழைய குறிப்பேட்டில் பென்சிலால் நெடுநேரம் ஏதோ வரைந்துகொண்டிருந்தார்.

மறுநாள் அந்தத் தாளை மேற்பார்வையாளரிடம் கொடுத்தார். முகப்பின் நடுவில் 75 என்னும் எண். காவி, வெள்ளை, பச்சை ஆகிய மூன்றும் கொடியாக அல்லாமல், சக்கரமின்றி, நாடாவைப் போல இரு பக்கங்களிலும் மேற்பகுதியில் ஓடும் பட்டைகள். அவற்றின் கீழே இராணி இலட்சுமிபாய், பகத்சிங் முதலியோரின் ஒட்டுப்படங்கள். மேற்பார்வையாளர் சற்று நேரம் அதைப் பார்த்துவிட்டு, "கூடுதல் வேலைக்கு ஆள் தர இயலாது; இரண்டு இரவு விழிக்க முடியுமா?" என்று மட்டும் கேட்டாராம். என் தந்தை விழித்தார். அந்த மனிதரைப் பற்றி எங்கள் வீட்டில் அதன்பின் எவரும் குறைவாகப் பேசவில்லை.

ஆகத்து 15 அன்று கொடியேற்றம் முடிந்ததும், பணியாளர் குடும்பத்தினர் அனைவரும் எஞ்சினைக் காண அழைக்கப்பட்டனர். காலை வெயிலில் அது புத்தம் புதியதாக ஒளிர்ந்தது. அதிகாரிகள் முன்னே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். என் தோழியரும் என்னைச் சூழ்ந்து நின்று வியந்தார்கள். "எவ்வளவு நேர்த்தி! யார் செய்தது?" என்று ஒருத்தி கேட்டாள்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் தந்தை சுவரோரமாக நின்றிருந்தார். நாங்கள் அவரைப் பார்ப்பதைக் கண்டதும், மெல்லத் தம் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. என் அச்சம் அவருக்கு எத்தனை ஆண்டுகளாகத் தெரிந்திருந்ததோ! அப்போதே ஓடிச் சென்று அந்தக் கைகளைப் பற்றியிருக்க வேண்டும். நான் அதைச் செய்யவில்லை. தோழியின் கேள்விக்கு விடையும் சொல்லவில்லை.

அந்தக் குற்றவுணர்வோடுதான் நான் விழா எஞ்சின்களைப் பற்றித் தேடிப் படிக்கத் தொடங்கினேன். இவ்வழக்கம் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்கா தன் விடுதலையின் 200-ஆம் ஆண்டை 1976-இல் கொண்டாடியது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1971-இல், சீபோர்டு கோஸ்ட் லைன் என்னும் இரயில் நிறுவனம் ஓர் எஞ்சினுக்குச் சிவப்பு, வெள்ளை, நீலம் பூசி, விடுதலை ஆண்டாகிய 1776 என்பதையே அதன் எண்ணாகவும் இட்டது. பிற நிறுவனங்கள் பலவும் அவ்வழியைப் பின்பற்றின. 1975, 1976 ஆகிய ஆண்டுகளில் 'அமெரிக்க விடுதலை இரயில்' என்னும் கண்காட்சி வண்டி 48 மாநிலங்களைச் சுற்றி வந்தது. அதை இழுத்த நீராவி எஞ்சின்களுள் ஒன்றின் எண் 4449. 1941-இல் செய்யப்பட்ட அந்த எஞ்சின், பணி ஓய்ந்து, போர்ட்லாந்து நகரப் பூங்கா ஒன்றில் பல ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் காட்சிப்பொருளாக நின்றிருந்தது. விழாவுக்காகவே அதை மீட்டுப் பழுதுபார்த்து நாட்டின் வண்ணங்களைப் பூசினார்கள். 1981-இல் அவ்வண்ணங்கள் நீக்கப்பட்டு, அதன் பழைய நிறங்கள் மீண்டும் பூசப்பட்டன. விழாவின் வண்ணம் போய்விட்டது. ஆனால் விழாவின்பொருட்டு உயிர்பெற்ற எஞ்சின் பிழைத்துக்கொண்டது. தன்னார்வலர்கள் அதைத் தொடர்ந்து பேணி வந்தார்கள்.

இதைப் படித்துக்காட்டியபோது என் தந்தை, "வண்ணம் பூசியவர்களை விட, அதன்பிறகு துடைத்துக்கொண்டே இருந்தவர்கள் பெரியவர்கள்" என்றார்.

2024 சூலையில் கல்லூரியில் சேர்வதற்காக நான் ஊரை விட்டுப் புறப்பட்டேன். ஓய்வுபெற்றுவிட்ட என் தந்தை வழியனுப்ப வந்திருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நான் ஏற வேண்டிய வண்டி நடைமேடைக்குள் நுழைந்தது. அதை இழுத்து வந்தது அதே எஞ்சின்!

என் மனம் துணுக்குற்றது. காவி மங்கியிருந்தது. வெள்ளைப் பட்டை பழுப்பேறியிருந்தது. ஒட்டுப்படங்களின் விளிம்புகள் உரிந்து தொங்கின. 75 என்னும் எண்ணின் மீது புழுதி படிந்திருந்தது. கொடியை முகப்பில் தீட்டியிருந்தால் அது எந்நிலையில் இருந்திருக்கும் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பார்த்தீர்களா அப்பா, எப்படி ஆகிவிட்டது!" என்றேன்.

அவர் பட்டைகளைப் பார்க்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. எஞ்சினின் அருகே சென்று, ஓட்டுநர் ஏறும் கதவின் அடிவிளிம்பில், மழைநீர் தேங்கும் மூலையில், விரலை வைத்துத் தடவினார். பின் அவ்விரலை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"துரு ஏறவில்லை" என்றார். அவர் முகத்தில் அப்படியொரு நிறைவை விழா நாளில்கூட நான் கண்டதில்லை.

கதவருகே நின்ற இளம் துணை ஓட்டுநர், "என்ன பார்க்கிறீர்கள், ஐயா?" என்று இந்தியில் கேட்டார். என் தந்தை விலகிக்கொள்ள முற்பட்டார். நான் அவர் கையைப் பற்றிக்கொண்டேன்.

"இந்த எஞ்சினுக்கு வண்ணம் பூசியவர் என் அப்பா" என்றேன்.

அந்த இளைஞர் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். பிறகு உள்ளே சென்று கழிவுப் பஞ்சு எடுத்து வந்து, 75 என்னும் எண்ணை எட்டியமட்டும் துடைக்கத் தொடங்கினார். சைகை விளக்கு பச்சையாகும்வரை துடைத்தார்.

அடுத்த பெரும் பழுதுபார்ப்பின்போது அந்த வண்ணங்கள் சுரண்டப்பட்டுவிடும். வேறு யாரோ ஒரு தொழிலாளர் இரும்பு மின்னும்வரை தேய்த்து, மீண்டும் அடிப்பூச்சிலிருந்து தொடங்குவார். அவர் பெயரும் எஞ்சினில் எழுதப்படாது. அவருடைய மகளோ மகனோ, எங்கேனும் ஒரு பள்ளியில், தந்தையின் வேலையைக் கேட்பவர்களுக்கு முழு விடையும் சொல்ல வேண்டும் என்பதே என் விருப்பம்.

எண்ணிப் பார்த்து எழுதுக

1. "இரும்பை ஏமாற்ற முடியாது" என்று தந்தை கூறியதன் பொருள் என்ன?
2. முகப்பில் கொடியைத் தீட்டுவதைத் தந்தை ஏன் ஏற்கவில்லை? நீங்கள் அவ்விடத்தில் இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
3. உங்கள் பள்ளியிலோ ஊரிலோ, பெயர் வெளியில் தெரியாமல் உழைக்கும் ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதுக.