கல்லில் ஏறிய காற்று

காற்றை எவரும் வரைந்ததில்லை. அது வளைத்த மரங்களைத்தான் வரைந்திருக்கிறார்கள். பிரெஞ்சு ஓவியர் கமீல் கொரோ 1871-இல் வரைந்த 'சூறைக்காற்று' என்ற லித்தோகிராஃபில் மரங்கள்கூட முழுமையாக இல்லை. இலை என்று எதையும் சுட்டிக்காட்ட இயலாது. வெறும் கிறுக்கல்களாகத் தெரிபவை, சற்று விலகி நின்று பார்க்கையில் கிளைகளாகி ஒரு பக்கமாக ஓடுகின்றன. கணினித் திரையில் மட்டுமே பார்க்க வாய்த்த நம்மையும் அந்த ஓட்டம் விடுவதில்லை.

லித்தோகிராஃப் என்றால் கல்லச்சு. கொழுப்பும் நீரும் ஒட்டாது என்ற அடுப்படி உண்மையே அதன் அடிப்படை. சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு கலந்த கோலால் வரைந்து, கல்லை நனைத்து மை உருட்டினால், வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். செனஃபெல்டர் இம்முறையைக் கண்டது 1790-களின் பிற்பகுதியில். கொரோ பிறந்தது 1796-இல். ஓவியரும் அச்சுமுறையும் ஏறக்குறைய ஒரே வயதினர்!

கல்லில் நேரடியாக வரைந்தால் அச்சில் இடவலம் மாறிவிடும். மேற்கிலிருந்து வீசிய காற்று கிழக்கிலிருந்து வீசும். கொரோ வரைந்ததோ பசை பூசிய தாளில். அதை ஈரமாக்கிக் கல்லின்மேல் அழுத்தினால் கோடுகள் கல்லுக்குப் போய்விடும். கல்லில் ஒருமுறை புரண்ட படம், அச்சில் மறுமுறை புரண்டு நேராகிறது. அவருடைய கை எத்திசையில் ஓடியதோ அத்திசையிலேயே இன்றும் காற்று வீசுகிறது. நம்மை ஈர்ப்பது இதுவே.

பாரிஸ் முற்றுகையின்போது நகரிலேயே இருந்த கொரோ, 1871 வசந்தத்தில், கம்யூன் நாட்களில், வடக்கே அர்ராவுக்கும் துவேவுக்கும் சென்றார். துவேயில் நண்பர் அல்ஃப்ரெட் ரொபோ இருந்தார், கல்லச்சு அறிந்தவர். அக்காலத்துப் படங்களில் பன்னிரண்டு, 1872-இல் ஐம்பது பிரதிகள் கொண்ட தொகுப்பாக வெளிவந்தன.

எனவே இந்தச் சூறையைப் போரின் உருவகமாக வாசிக்கும் ஆசை எழுவது இயல்பு. நாம் அதற்கு இணங்க மாட்டோம். போரை வரைய வேண்டியிருந்தபோது கொரோ மறைத்துச் சொல்லவில்லை. கனவில் கண்ட எரியும் பாரிஸை 1870 செப்டம்பரில் வெளிப்படையாகவே தீட்டினார். அன்றியும், ரேன்ஸ் நகர அருங்காட்சியகத்திலுள்ள அவருடைய 'சூறைக்காற்று' எண்ணெய் ஓவியம் போருக்கு முந்தைய ஆண்டுகளைச் சேர்ந்தது. அதில் மேகமும் மங்கிய ஒளியும் தனியே நடக்கும் பெண்ணும் காற்றுக்குச் சாட்சி சொல்கின்றனர். கல்லச்சில் அந்த வண்ணங்களின் துணை இல்லை; எழுபத்து நான்கு வயதுக் கையின் அவசரம் மட்டும் கறுப்பு மையில் நிற்கிறது.