நாகைக்குப் போன மூட்டைகள்

2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் மறுநாள். சுமத்ராத் தீவருகே கடலடியில் 9.1 அளவில் பூமி அதிர்ந்தது. ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அலை நம் கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டனர். வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் அதில் அடக்கம்.

அப்போது நாங்கள் மேல்நிலை இரண்டாம் ஆண்டு மாணவியர். விருதுநகரில் தெருத்தெருவாகச் சென்று துணி சேகரித்தோம். மூட்டைகள் பெருகப் பெருக எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை! சிவகாசித் தோழி ஒருத்தி, தன் தாய் வேலை செய்யும் தீப்பெட்டி ஆபீசிலிருந்து ஒரு பண்டல் தீப்பெட்டி வாங்கி வந்தாள். இதை யார் கேட்டார்கள் என்று சிரித்தோம்.

அருட்சகோதரியருடன் அக்கரைப்பேட்டையில் போய் இறங்கினோம். வழியெங்கும் பழந்துணிக் குவியல்கள். மாடுகள் அவற்றை மிதித்து நடந்தன. எங்கள் மூட்டையைப் பிரித்த மீனவத் தாய் ஒருவர், சாயம் போன பாவாடையொன்றை எடுத்துப் பார்த்து, மடித்துத் திரும்ப வைத்தார்.

"அடுத்தவங்க உடுத்துன துணி எங்களுக்குப் பழக்கமில்லம்மா. சட்டி பானை இருக்கா?"

இல்லை. தீப்பெட்டி இருந்தது. அதை இரு கைகளாலும் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது வேனில் எவரும் பேசவில்லை. பொங்கல் கழிந்து மறுபடி போனோம். அலுமினியச் சட்டி, கரண்டி, தீப்பெட்டி மட்டும் எடுத்துக்கொண்டு.