கொப்பரையில் புளிப்பின் வேகம்

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பாபநாசம் வட்டாரத்தில், நெல் வயல்களுக்கு நடுவே கரும்பும் விளைகிற வீரமாங்குடி, கணபதி அக்ரகாரம் முதலிய ஊர்களில் பொங்கலை ஒட்டிக் காய்ச்சப்படும் அச்சு வெல்லத்தின் தரம் கரும்பின் இனிப்பை மட்டும் பொறுத்ததன்று. சாற்றில் இயல்பாகவே இருக்கும் சிறிதளவு அமிலம் எத்தனை வேகமாக வேலை செய்கிறது என்பதையும், அந்த வேகத்தைக் காய்ச்சுபவர் எந்த அளவுக்கு அடக்கி வைக்கிறார் என்பதையும் பொறுத்தே வெல்லம் இறுகுவதும் இளகுவதும் அமைகின்றன.

கரும்புச் சாற்றின் இனிப்புக்குக் காரணமான சுக்ரோஸ் என்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்னும் இரண்டு எளிய சர்க்கரைகள் பிணைந்து உருவான பொருள். அமிலமும் சூடும் சேர்ந்திருக்கும் இடத்தில் நீர் அந்தப் பிணைப்புக்குள் புகுந்து இரண்டையும் பிரித்துவிடுகிறது. பிரிந்த சர்க்கரையும் இனிக்கத்தான் செய்யும். ஆனால் அது எளிதில் படிகமாவதில்லை, காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்கிறது. ஆகவே அது அளவுக்கு மீறிச் சேர்ந்த பாகு அச்சில் நிற்காது; நின்றாலும் மழைக்காலம் வந்ததும் கசியத் தொடங்கும். வீட்டில் சர்க்கரைப் பாகு பூத்துவிடாதிருக்க எலுமிச்சைச் சாறு பிழிவதும் இதே வினையைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. அங்கே வேண்டப்படுவது இங்கே தவிர்க்கப்பட வேண்டியதாகிறது.

வேதிவினை ஒன்றின் வேகம் முதன்முதலாகக் கணக்கில் அடக்கப்பட்டது இந்த வினையை வைத்துத்தான் என்பது வெல்லம் காய்ச்சுவோர் பெருமையுடன் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. ஜெர்மானிய அறிஞர் லுட்விக் வில்ஹெல்மி 1850ஆம் ஆண்டில் கரும்புச் சர்க்கரைக் கரைசலில் அமிலம் சேர்த்து, ஒரே தளத்தில் அதிரும் ஒளியை அதனூடே செலுத்திப் பார்த்தார். சுக்ரோஸ் அந்த ஒளியின் தளத்தை வலப்புறம் திருப்பும், பிரிந்த சர்க்கரைக் கலவை இடப்புறம் திருப்பும். எனவே கரைசலைத் தொடாமலேயே வினை எவ்வளவு தூரம் நடந்திருக்கிறது என்பதை அவரால் கோணமாக அளக்க முடிந்தது. எந்த நொடியிலும் வினையின் வேகம் எஞ்சியிருக்கும் சுக்ரோஸின் அளவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதை அவர் கண்டார். பின்னர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் பல அமிலங்களைச் சம அளவில் எடுத்து ஒப்பிட்டபோது அவை ஒரே வேகத்தைத் தரவில்லை. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் அமிலமே சர்க்கரையையும் விரைவாகப் பிரித்தது. வேகத்தை முடிவு செய்வது ஊற்றிய அமிலத்தின் மொத்த அளவன்று, அது நீரில் பிரிந்து வெளிவிடும் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவே, அதாவது குறிப்பிட்ட கன அளவில் அவை எத்தனை நெருக்கமாக உள்ளன என்பதே என்னும் தெளிவு இதிலிருந்து பிறந்தது.

அந்த அயனிகள் இந்த வினையில் செலவாவதில்லை. ஒரு சுக்ரோஸைப் பிரித்த அயனி விடுபட்டு அடுத்ததற்குச் செல்கிறது. இவ்வாறு தான் தீராமல் வினையை விரைவுபடுத்தும் பொருளே வினையூக்கி எனப்படுகிறது. சாற்றில் அமிலம் நாக்குக்கே எட்டாத அளவில்தானே இருக்கிறது என்று அலட்சியம் கொள்ள முடியாததன் காரணம் இதுதான். டென்மார்க்கின் சோரன்சன் 1909இல் வகுத்த பிஎச் அளவுகோலில் 7 என்பது நடுநிலை. அதற்குக் கீழே ஒவ்வோர் எண் இறங்கும்போதும் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்காகும். புதிதாகப் பிழிந்த கரும்புச் சாறு பெரும்பாலும் 5க்கும் 5.5க்கும் இடையில் இருக்கும். அதை 6.5க்கு உயர்த்தினால் அயனிச் செறிவு பத்தில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது, சர்க்கரை உடையும் வேகமும் ஏறக்குறைய அதே விகிதத்தில் தணிகிறது.

கொப்பரையில் சுண்ணாம்பு சேர்ப்பதன் பொருள் இதுவே. சாறு கொதிக்கும் முன்பே ஊற்றப்படும் தெளிந்த சுண்ணாம்பு நீர் அமிலத்தை நடுநிலைப்படுத்துவதோடு, சாற்றில் கலந்துள்ள புரதம் முதலிய கசடுகளைத் திரட்டி மேலே கொண்டுவருகிறது. அழுக்கு திரண்டு பிரிவதைப் பார்த்தே அனுபவம் உள்ளவர் சுண்ணாம்பு போதுமா என்று சொல்லிவிடுகிறார். குறைந்தால் அழுக்கு கலங்கலாகவே நிற்கும், பாகும் பின்னால் இளகும். மிகுந்தாலோ, ஏற்கெனவே பிரிந்திருக்கும் குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் காரத்தில் சிதைந்து நிறத்தைக் கறுக்கச் செய்கின்றன, சுவையும் கெடுகிறது. ஆக, ஒரு பக்கம் அமிலம் சுக்ரோஸை உடைக்க, மறுபக்கம் காரம் உடைந்த சர்க்கரையைக் கருக்க, இரண்டு வினைகளும் மிக மெதுவாக நடக்கும் குறுகிய இடைவெளியில் சாற்றை நிறுத்துவதே இத்தொழிலின் நுட்பம். ஆய்வகக் கருவி எதுவுமின்றிக் கண்ணாலும் நாக்காலும் அந்த இடைவெளியைக் கண்டுபிடித்த தலைமுறைகளின் அறிவு எந்தப் பாடநூலுக்கும் குறைந்ததன்று.

காய்ச்சலின் கடைசிக் கட்டமே மிகவும் ஆபத்தானது. நீர் ஆவியாக ஆவியாகச் சர்க்கரையோடு எஞ்சிய அமிலமும் நெருங்கிவருகிறது. கொதிநிலையும் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி, வெல்லப் பதத்தில் 118 டிகிரி அளவுக்கு ஏறுகிறது. சுக்ரோஸ் உடையும் வினையின் வேகம் வெப்பத்துக்கேற்ப மிகவும் கூர்மையாக மாறுவது. 1889இல் அறிஞர் அர்ரீனியஸ் வெப்பநிலைக்கும் வினைவேகத்துக்குமான தொடர்பை எழுதியபோது எடுத்துக்கொண்டதும் கரும்புச் சர்க்கரை உடையும் இதே வினைதான். அறை வெப்பத்தில் பல நாள் ஆகும் சேதம் கொதிநிலையில் சில நிமிடங்களில் நிகழ்ந்துவிடும். அதனால்தான் பாகு திரளும் நேரத்தில் சக்கை போடுவதைக் குறைத்து அடுப்பைத் தணிப்பதும், குளிர்ந்த நீரில் ஒரு துளி விட்டுப் பதம் பார்த்தவுடன் தாமதமின்றிக் கொப்பரையை இறக்குவதும் கட்டாயமாகின்றன.

வெட்டிய கரும்பைக் காக்க வைப்பது இவை எல்லாவற்றையும் வீணாக்கும். வெட்டிய நேரத்திலிருந்தே நொதிகள் சுக்ரோஸைப் பிரிக்கின்றன, நுண்ணுயிர்கள் புதிய அமிலத்தை உண்டாக்குகின்றன. வழக்கமான அளவு சுண்ணாம்பு அத்தகைய சாற்றுக்குப் போதாது, ஏற்கெனவே உடைந்த சர்க்கரையைச் சுண்ணாம்பு திரும்ப ஒட்டவைக்கவும் செய்யாது. சந்தை வெளிர் மஞ்சள் நிறத்தைக் கேட்கிறது என்பதற்காக ஹைட்ராஸ் என்னும் சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்டைச் சேர்க்கும் பழக்கமும் வருந்தத்தக்கது. அது நிறத்தை வெளுக்கிறது. ஆனால் நீரில் சிதைந்து அமிலத்தன்மையுள்ள பொருள்களைத் தருகிறது, கந்தக எச்சத்தையும் வெல்லத்தில் விட்டுச் செல்கிறது.

விலை குறைந்த பிஎச் தாள் ஒரு கட்டு ஒவ்வொரு கொப்பரை அருகிலும் இருந்தால், கண்ணும் நாக்கும் சொல்வதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ள முடியும். வேளாண் துறையினர் இதைக் கற்றுக்கொடுக்க முன்வர வேண்டும். வாங்குபவர்கள் செய்ய வேண்டியது இன்னும் எளிது: பொங்கலுக்கு வெல்லம் வாங்கும்போது வெளுத்த கட்டியைத் தேடாமல், பழுப்பு நிறமும் உறுதியும் உள்ள கட்டியைக் கேட்டு வாங்குங்கள்.