கொமரலிங்கத்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு, ஞாயிறு அதிகாலையில் பைக்கைக் கிளப்பும் பனியன் கம்பெனி இளைஞர்களுக்கு மூணாறு ஒன்றும் புதிதல்ல. உடுமலை, சின்னாறு, மறையூர் என்று ஒரே பிடியாகப் போய்விடுவார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அவ்வளவு அவசரப்பட வேண்டியதில்லை. கொமரலிங்கத்தில் தொடங்கி, அமராவதி ஆற்றை எதிர்த்திசையில் பிடித்துக்கொண்டே மலையேறலாம்.

கொமரலிங்கத்தில் பார்க்க என்ன இருக்கிறது? நெல்வயலும் தென்னந்தோப்பும்தான். வறண்ட பூமி என்று பெயரெடுத்த மாவட்டத்தில் அதுவே அதிசயம்! கல்லாபுரம், சோழமாதேவி, கணியூர் போல இந்த ஊருக்கும் சொந்தமாக ஒரு ராஜவாய்க்கால் உண்டு. அணை கட்டுவதற்கு முன்பிருந்தே பாயும் பழைய பாசனம் இது.

ஆற்றோடு மேலே போனால் 90 அடி உயர அமராவதி அணை. 1957-ல் பயன்பாட்டுக்கு வந்தது. திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 50 ஆயிரம் ஏக்கருக்கு மேல் இதை நம்பி இருக்கிறது. அருகிலேயே முதலைப் பண்ணை. தொட்டிக்குள் கல் மாதிரி அசையாமல் கிடக்கும் முதலைகளை வாண்டுகள் விட்டு நகர மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: முதலைகள் பண்ணையில் மட்டும் இல்லை, அணையிலும் ஆற்றிலும் இருக்கின்றன. கண்ட இடத்தில் இறங்கிக் குளிக்காதீர்கள்.

உடுமலை - மூணாறு சாலை சுமார் 85 கிலோமீட்டர். ஒன்பதாறு செக்போஸ்ட்டைத் தாண்டினால் காடு. சற்றுத் தொலைவில் கேரள எல்லை. சின்னாறு சரணாலயம் மழை மறைவுப் பகுதி. கேரளம் என்றதும் பச்சையை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு முள்மரமும் கள்ளியும் ஏமாற்றமாக இருக்கலாம். ஆனால் நட்சத்திர ஆமையும் சாம்பல் நிற மலை அணிலும் வாழும் அபூர்வக் காடு இது. ஓரிடத்தில் தூரத்துப் பள்ளத்தாக்கில் பாம்பாறு வெள்ளைக் கோடாக விழும். அதுதான் தூவானம் அருவி. அந்தப் பாம்பாறு, தேனாறு, சின்னாறு எல்லாம் சேர்ந்துதான் கீழே அமராவதி.

இங்கே யானை சாலையைக் கடப்பது சாதாரணம். செல்ஃபிக்காக வண்டியை விட்டு இறங்குவதும், ஹார்ன் அடித்து விரட்டுவதும் வேண்டாம். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிட வேண்டும். சாப்பிட்ட பிளாஸ்டிக் கவரை வீசினால் அது யானை வயிற்றுக்குப் போகும். இல்லாவிட்டால் ஆற்றோடு கொமரலிங்கத்து வாய்க்காலுக்கே வந்து சேரும்.

மறையூரில் சந்தன மரக்காடு கம்பி வேலிக்குள் நிற்கிறது. பாறைமேட்டில் பெருங்கற்காலக் கற்திட்டைகள். உள்ளூரில் முனியறை என்பார்கள். கரும்புக் காட்டோரம் வெல்லம் காய்ச்சும் கொட்டகையில் நின்றால் சுடச்சுட ஒரு உருண்டை கைக்கு வரும். மறையூர் வெல்லத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கிருந்து பிரியும் சாலை காந்தளூருக்கு. பூண்டு, கேரட், பருவத்தில் ஆப்பிள். இந்த அஞ்சுநாட்டு ஊர்களில் தமிழ் பேசினால் தமிழிலேயே பதில் வரும். மதுரைப் பக்கமிருந்து வந்த முன்னோர்கள் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு.

அந்தக் காந்தளூர் பக்கம்தான் பட்டிசேரி. 2014-ல் கேரளம் அங்கே அணை கட்டத் தொடங்கியபோது தமிழகம் எதிர்த்தது. காவிரி நடுவர் மன்றம் பாம்பாற்றுப் படுகையில் கேரளத்துக்கு ஒதுக்கியது 3 டி.எம்.சி. மேலே பூண்டு விளைவிக்கிறவருக்கும் தண்ணீர் வேண்டும், கீழே நெல் நடுகிறவருக்கும் வேண்டும். இரண்டு பேரின் வயலையும் ஒரே நாளில் பார்த்துவிட்டு வருகிறவருக்கு, யார் பக்கம் பேசுவது என்பது அத்தனை சுலபமாக இருக்காது.

மூணாறைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. கூட்டத்தைத் தாங்குகிறவர்கள் போகலாம். நேரமில்லாதவர்களுக்குத் திருமூர்த்திமலை இருக்கிறது. அடிவாரத்தில் அமணலிங்கேஸ்வரர், மேலே பஞ்சலிங்க அருவி. மலையில் பெய்யும் மழையில் வெள்ளம் கோயிலையே சூழ்ந்துவிடும் என்பதால், மழை நாட்களில் அருவிக்கு அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

திரும்பும்போது கொமரலிங்கம் வழியாகவே வாருங்கள். வாய்க்காலில் தண்ணீர் ஓடினால், காலையில் தூவானத்தில் பார்த்த ஆற்றின் தண்ணீர்தான் அது.