ஸ்பெஷலிஸ்டுக்குக் கொடுத்த எண்ணூறு ரூபாய்

‘ஸ்பெஷலிஸ்ட்’ என்று யாராவது சொன்னதும் நம் போன்ற குடும்பங்களில் “ஃபீஸ் எவ்வளவாம்?” என்ற கேள்விதான் முதலில் வரும். வியாதி என்ன என்பதெல்லாம் அப்புறம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பால், மளிகை, காஸ், கரண்ட், பிள்ளைகள் படிப்பு என்று பங்கு போட்டது போக மிஞ்சுவதில்தானே வைத்தியமும் பார்க்க வேண்டியிருக்கிறது? காய்ச்சல், பேதி என்றால் இரண்டு நாள் செலவோடு போயிற்று. வருஷக்கணக்காகக் கூடவே இருக்கப்போகிற வியாதிக்கு வெளியூர் பெரிய டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டுமா, உள்ளூரே போதாதா என்று நானும் என்னவரும் பத்து நாள் பேசினோம். அந்தக் கணக்கு யாருக்காவது உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் விருத்தாசலம். பழமலைநாதர் கோயிலுக்கு வராதவர்கள்கூட எங்கள் ஊர் பீங்கான் பொம்மையைக் கொலுவில் வைத்திருப்பார்கள். என்னவருக்குப் பொம்மைக் கம்பெனி ஒன்றில் சூளை வேலை. பெரியவள் கல்லூரியில், சின்னவன் பள்ளிக்கூடத்தில். அத்தை, அதாவது என் மாமியார், எங்களோடுதான் இருக்கிறார்.

மூன்று வருஷத்துக்கு முன்பு ஒரு மார்கழியில் இது ஆரம்பித்தது. விடியற்காலையில் வாசல் தெளித்து உட்கார்ந்தால் விரலிடுக்கில் கோலப்பொடி நிற்காது. இரண்டு கையிலும் நடு விரல், ஆள்காட்டி விரல் கணுக்கள் உருண்டு வீங்கியிருக்கும். மணிக்கட்டு மடங்காது. பனிக்குளிர் என்று நினைத்தேன். ஆனால் எட்டு மணி வெயில் வந்த பிறகும் இட்லித் துணியைப் பிழிய முடியவில்லை. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். அக்கம்பக்கத்தில் கேட்டால் ஆளுக்கொரு வைத்தியம். “அது சிக்குன்குனியா வலிடி, 2006-ல எனக்கு வந்தது இன்னும் போகலே” என்றார் எதிர்வீட்டு அக்கா. அத்தை மட்டும் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது சரவாங்கி மாதிரி இருக்கு. எங்க பெரியம்மாவுக்கு இப்படித்தான் விரலெல்லாம் கோணிப் போச்சு” என்றார். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய், எங்கள் பக்கத்து வழக்கப்படி சீட்டெழுதிப் பிராதும் கட்டிவிட்டு வந்தார்.

உள்ளூர் டாக்டர் நல்லவர். நான்கு மாதம் அவரிடம்தான் பார்த்தேன். ஊசி போட்டால் மூன்று நாள் சுகம், நாலாம் நாள் பழையபடி. பங்குனியில் அவரே சொன்னார்: “ரெண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கு, காலையில விறைப்பும் ரொம்ப நேரம் இருக்கு. இதை ருமட்டாலஜிஸ்ட் பார்க்கணும்மா. எலும்பு டாக்டர் வேற, இவர் வேற. லெட்டர் தர்றேன், புதுச்சேரிக்குப் போய் ஒரு தடவை காட்டிட்டு வாங்க.”

அங்கேதான் பேச்சு ஆரம்பித்தது. கையில் இருந்தது ஐயாயிரம் ரூபாய் சீட்டுப் பணம். அடுத்த மாதம் பெரியவளுக்குப் பரீட்சைக் கட்டணமும் பஸ் பாஸும் கட்ட ஒதுக்கியது. “ஆயிரக்கணக்கில் செலவழிச்சிட்டுப் போய், அவரும் இதே மாத்திரையை எழுதிக் குடுத்தா?” என்றார் என்னவர். நியாயமான கேள்விதான். பக்கத்துத் தெருவில் அறுபது வயது அம்மாள் ஒருவர் முழங்கால் வலிக்காகச் சென்னை வரை போய்க் காட்டிவிட்டு வந்தார். எடையைக் குறையுங்கள், தொடைக்கு உடற்பயிற்சி செய்யுங்கள் என்றுதான் அங்கேயும் சொன்னார்களாம். உள்ளூர் டாக்டர் முதல் நாளே சொன்ன வார்த்தை அது. தேய்மான வலிக்கு அதுதான் வைத்தியம் என்னும்போது போக்குவரத்துச் செலவுதான் மிச்சம்.

நான் மளிகை நோட்டின் கடைசிப் பக்கத்தில் வைத்தியச் செலவு எழுதி வைக்கிற பழக்கம் உள்ளவள். எடுத்துக் கூட்டினேன். நான்கு மாதத்தில் ஃபீஸும் ஊசியும் 1,450. மாத்திரை 1,180. தைலம், களிம்பு வகையறா 640. எக்ஸ்ரே 500. ஆக 3,770 ரூபாய். மாதத்துக்கு 940-க்கு மேல் போயிருந்தது, வியாதிக்கு இன்னும் பெயரே தெரியவில்லை! நோட்டைப் பார்த்துவிட்டு என்னவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவர் தொழிலை வைத்தே ஒன்று சொன்னார். “பச்சையா இருக்கும்போது பொம்மை விரல் கீறினா களிமண் கரைசலைத் தொட்டு ஒட்டிடலாம். சூளையில வெந்து வந்தப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. உன் கை பச்சையாவே இருக்கும்போது காட்டிடுவோம்.” பெரியவளும், “பரீட்சைப் பணம் நான் பார்த்துக்கறேம்மா” என்று சொல்லிவிட்டு, லீவு நாளில் ஒரு யூனிட்டில் பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கப் போனாள். அது இன்னும் எனக்கு மனசில் உறுத்துகிறது.

வடலூர், கடலூர் வழியாகப் புதுச்சேரி. 2021-ல் வந்த மகளிர் இலவசப் பயணம் டவுன் பஸ்ஸோடு சரி, இதற்கு டிக்கெட் எடுத்தாக வேண்டும். இருவருக்கும் போக வர 360, சாப்பாடு 240, அவருக்கு ஒரு நாள் கூலி 650 போயிற்று. டாக்டர் ஃபீஸ் 800, ரத்தப் பரிசோதனைகள் 2,600. மொத்தம் 4,650. நான்கு மாதச் செலவை ஒரே நாளில் தாண்டிவிட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது? முதலாவது, நேரம். அரை மணிக்கு மேல் என்னைப் பார்த்தார். ஒவ்வொரு விரல் கணுவாக அழுத்தி, எத்தனை வலிக்கிறது, எத்தனை வீங்கியிருக்கிறது என்று எண்ணி எழுதினார். காலை விறைப்பு எத்தனை நிமிஷம் என்று கேட்டார். அரை மணி, ஒரு மணிக்கு மேல் விறைப்பு, சின்னச் சின்ன மூட்டுகள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, வேலை செய்யச் செய்ய இளகுவது, இவையெல்லாம் சேர்ந்தால் சந்தேகிக்க வேண்டுமாம். தேய்மான வலி என்றால் வேலை செய்யச் செய்யக் கூடும். ஆர்.ஏ. ஃபாக்டர், ஆன்ட்டி சி.சி.பி. என்ற பரிசோதனைகளைப் பார்த்து, ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ், அதாவது முடக்குவாதம் என்றார். அத்தை சொன்ன சரவாங்கியேதான்! நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற வியாதி. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. முற்றிலும் போகாது, ஆனால் முதல் ஓரிரு வருஷத்துக்குள் பிடித்துவிட்டால் எலும்பு அரிக்காமல், விரல் கோணாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம் என்றார். அரித்த எலும்பு திரும்பாது.

இரண்டாவது, எது வேண்டாம் என்று சொன்னார். மாதாமாதம் இங்கே வர வேண்டாம், எக்ஸ்ரேயை அடிக்கடி எடுக்க வேண்டாம், ஆர்.ஏ. ஃபாக்டரைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டாம். பெயரில்லாத பொட்டலத்தில் வருகிற மூட்டுவலிப் பொடியைத் தொடவே வேண்டாம். அவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும், முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும் என்றார். உள்ளூர் டாக்டருக்கு ஒரு பக்கம் கடிதமும் எழுதினார்.

மாத்திரை மெதோட்ரெக்ஸேட். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எனக்குச் செவ்வாய்க்கிழமை. காலண்டரில் சிவப்பு மையால் சுழித்து வைத்திருக்கிறேன், டப்பாவும் அத்தை கைக்கு எட்டாத இடத்தில். மறுநாள் ஃபோலிக் ஆசிட். இந்த இரண்டு மாத்திரைக்கும் பின்னால் இருப்பவர் நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்ரகட சுப்பாராவ். 1940-களில் அமெரிக்காவில் அவருடைய ஆராய்ச்சிக் குழு உண்டாக்கிய மருந்துகள் இவை. பெண் இதைப் படித்துச் சொன்னபோது எனக்கு மாத்திரை கசப்பே பாதி குறைந்தது.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் ஆறு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மெதுவாகத்தான் வேலை செய்யும், மூன்று மாதம் பொறுங்கள் என்று அவர் முன்பே சொல்லியிருக்காவிட்டால் விட்டிருப்பேன். ஒன்பதாவது வாரம் இட்லித் துணியைப் பிழிந்தேன். இடது மணிக்கட்டு இன்றைக்கும் முழுக்க மடங்காது, மழை நாளில் வலிக்கும். இருந்தாலும் விரல்கள் நேராக இருக்கின்றன.

இப்போதைய கணக்கு இது. இரண்டு மாத்திரையும் சேர்ந்து மாதம் நூறு ரூபாய், வருஷத்துக்கு 1,200. கல்லீரலையும் ரத்த அணுக்களையும் பார்க்கிற பரிசோதனை ஆரம்பத்தில் மாதாமாதம் இருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை உள்ளூர் லேபில் 600, ஆக 2,400. வருஷத்துக்கு மூன்று தடவை புதுச்சேரி, இப்போது தனியாகவே போய் வருகிறேன், தடவைக்கு 1,100 வீதம் 3,300. மொத்தம் 6,900. மாதத்துக்கு 575 ரூபாய்தான் ஆகிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கிற சிகிச்சைக்கு. இந்த மாதிரிப் போக வர இருக்கிற வியாதிக்கு நாம்தான் எடுத்து வைக்க வேண்டும்.

ஃபீஸே கொடுக்க முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் ‘கிளினிக்கல் இம்யூனாலஜி’ என்ற துறை இந்த வியாதியைப் பார்க்கிறது. பெயரில் மூட்டு என்ற சொல்லே இல்லாததால் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ‘ருமட்டாலஜி’ என்றே துறை இருக்கிறது. உள்ளூர் டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு போவது நல்லது. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் அடங்கியிருப்பவர்கள் இப்படி அலைய வேண்டியதே இல்லை, ஆரம்ப சுகாதார நிலையமே போதும். 2021-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வந்தபோது எங்கள் தெருவில் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்தார்கள்.

போகிறவர்கள் வீட்டிலேயே ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். வலி எந்த மாதம் ஆரம்பித்தது, எந்தெந்த மூட்டு, விறைப்பு எத்தனை நேரம் என்று எழுதுங்கள். சாப்பிட்ட மாத்திரைகளின் காலி அட்டைகளையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். காலையில் வீங்கியிருக்கும்போதே கையைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பஸ் ஏறி இறங்கி டாக்டர் முன்னால் உட்காரும்போது வீக்கம் பாதி வடிந்திருக்கும்! எந்தப் பரிசோதனையை ஊரிலேயே செய்துகொள்ளலாம், என்ன அறிகுறி வந்தால் உடனே வர வேண்டும் என்று கேட்காமல் எழுந்திருக்காதீர்கள்.

இளம் தாய்மார்களுக்கு முக்கியமாக ஒன்று. மெதோட்ரெக்ஸேட்டைக் கர்ப்பிணிகள் சாப்பிடக் கூடாது, பால் கொடுப்பவர்களுக்கும் ஆகாது. குழந்தை வேண்டும் என்று நினைப்பவர்கள் சில மாதம் முன்பே டாக்டரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். அவர்களுக்கென்று ஒத்துக்கொள்கிற மருந்துகள் இருக்கின்றன.

எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு இருபத்தாறு வயது. குழந்தை பிறந்து நாலு மாதம். பாப்பாவின் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை அக்கா என்று போன வாரம் விரல்களைக் காட்டினாள். பார்த்ததும் எனக்கு அந்த மார்கழி ஞாபகம் வந்தது. வருகிற வியாழக்கிழமை ஜிப்மருக்குப் போகிறாள், துணைக்கு நானும் போகிறேன். அவளுடைய சீட்டை நானே உட்கார்ந்து எழுதினேன். முதல் வரியில், கொஞ்சம் பெரிய எழுத்தில், ‘கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கிறேன்’ என்று போட்டிருக்கிறேன்.