நாங்கள் நீக்கிய சமக்குறி

சிவகாசியில் அச்சகங்களுக்கு நடுவே வளர்ந்தவர்கள் நாங்கள் இருவர். நாட்காட்டி, பட்டாசுப் பெட்டியின் மேலுறை, திருமண அழைப்பிதழ் என எது கைக்கு வந்தாலும் எங்கள் கண் முதலில் பிழையைத்தான் தேடும். அந்தத் துணிச்சலில், மென்பொருள் கோளாறுகளைக் கண்டறிவது பற்றிய தமிழ் நூலொன்றுக்கு மெய்ப்புப் பார்க்க ஒப்புக்கொண்டோம்.

மும்முறை பார்த்தோம். ஒற்று மிகுமிடம், மிகாவிடம் எல்லாம் செம்மையாயின. நூல் வெளிவந்த பின் விருதுநகரிலிருந்து கல்லூரி மாணவர் ஒருவரின் கடிதம் வந்தது. 'சி' மொழி நிரலொன்றில், இரு மதிப்புகள் சமமா என்று கேட்கும் வரியில் ஒரு சமக்குறி குறைகிறதாம்.

மூலப்படியை எடுத்துப் பார்த்தோம். ஆசிரியர் இரண்டு குறிகளைச் சரியாகவே இட்டிருந்தார். கைதவறி இரட்டித்தது என்றெண்ணி ஒன்றை அடித்தவர்கள் நாங்களே. அம்மொழியில் இரட்டைக்குறி ஒப்பிடும். ஒற்றைக்குறி மதிப்பை மாற்றிவிடும். 'இது 5 தானா?' என்று கேட்க வேண்டிய வரி, அதை 5 ஆக்கிவிட்டு எப்போதும் 'ஆம்' என்றே கொள்ளும். பிழை காணக் கற்பிக்கும் நூலில் பிழையொன்றை நட்டுவைத்துவிட்டோம்.

கணினித் தமிழில் இதற்கு 'வழு' என்று பெயர். இலக்கணம் தந்த சொல். பசுவை அன்பினால் தாய் என அழைப்பதை இலக்கண நூலார் வழுவமைதி என்று ஏற்றனர். பிறழ்ந்ததாகத் தோன்றுவதற்கும் காரணம் இருக்கலாம் என்று நின்று பார்த்த மரபு அது. நாங்கள் நின்று பார்க்கவில்லை.

டொனால்ட் கனூத் தம் நூல்களில் பிழை கண்டு சொல்வோருக்கு 2.56 டாலர் காசோலை அனுப்பிவந்தார். பதினறும எண்முறையில் 256 சென்ட் ஒரு டாலர் என்பது அவர் வேடிக்கை. காசோலை மோசடிகளால் 2008இல் அதை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் சான்றிதழ் வழங்கலானார். தாம் படைத்த டெக் அச்சுக்கோப்பு மென்பொருளின் வழுக்களைத் தொகுத்து 1989இல் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

'அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம்' என்றார் பதிப்பாளர். நாங்கள் இசையவில்லை. எங்கள் செலவில் திருத்தத்தாள் அச்சிட்டு, எஞ்சிய படிகளில் ஒவ்வொன்றாக ஒட்டினோம். சிவகாசியில் அச்சிடுவது எளிது. 'இப்பிழை ஆசிரியருடையதன்று, மெய்ப்புப் பார்த்தோருடையது' என்ற வரியை எழுதத்தான் ஓர் இரவு பிடித்தது.

ஒட்டி முடித்த மாலையில், ஆலை விட்டுப் பட்டாசுத் தொழிலாளர்களின் பேருந்து கடந்து சென்றது. மருந்துக் கலவையில் நேரும் பிழைக்குத் திருத்தத்தாள் இல்லை. எங்களுக்கு அந்த வாய்ப்பாவது கிடைத்தது. முதல் தாளை அம்மாணவருக்கே அனுப்பினோம்.